சுவர் பிடித்துக்கொண்ட படம்

1

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. வெளிநாட்டுக்கு வந்தால் படங்களைச் சுவரில் ஒட்டாதீர்கள். ஒட்டியே தீரவேண்டும் என்று கை துறுதுறுத்தால், ஒட்டுவதற்கு முன்னால் படத்தைத் திருப்பி அதன் முதுகை ஒரு தடவை வாசியுங்கள். நான் வாசிக்கவில்லை. அதனால் வந்த வினையைத்தான் எழுதுகிறேன்.

நானும் என் வீட்டுக்காரர் சந்திரனும் ஜெர்மனிக்கு வந்து இந்த மாதத்தோடு ஐந்து வருஷம். ஐந்து வருஷமும் ஒரே அறை. முன்பு பட்டாளத்துக்காரர்கள் தங்கியிருந்த கட்டடம். இப்போது எங்களைப் போல அகதி மனுவின் முடிவுக்காகக் காத்திருப்பவர்கள் தங்குகிறோம். மாடிக்கு ஒரு சமையல் குசினி, எல்லாருக்கும் பொது. எங்கள் கையில் இருக்கும் தாளின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘பொறுத்துக்கொள்கிறோம்’ என்று வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் நின்றால், இன்னும் மூன்று மாதம் பொறுத்துக்கொள்வதாக முத்திரை குத்தித் தருவார்கள். வேலை செய்யக் கூடாது. மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லை என்றால் பெரிய மதில் என்று நினைத்துவிடாதீர்கள். ஆற்றுப் பாலத்தில் ஒரு மஞ்சள் பலகை, அவ்வளவுதான். மூச்சு வாங்காமல் நடந்தால் கால் மணித்தியாலம். அதுவரை நடந்து போய், பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்து வருவோம். பலகைக்கு அந்தப் பக்கமும் இதே புல்தான், இதே மாடுகள்தான்.

நானோ சும்மா இருக்கத் தெரியாதவள். ஏ.எல். பரீட்சை முடித்த கையோடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சம்பளம் இல்லாமல் படிப்பித்தவள். இங்கே வந்து எட்டு மாதத்தில் ஜெர்மன் பேசப் பழகிவிட்டேன். பேசுவதற்குத்தான் ஆள் இல்லை. மிச்சம் இருந்தது நாலு சுவர்.

2

இலங்கையில் இரத்தினபுரிப் பக்கம், கஹவத்தைக்கு மேலே இருக்கிற ரப்பர் தோட்டத்தில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். வரிசை வீடுகளான லயத்தில் குடும்பத்துக்கு ஒரு காம்பரா; அதில் ஆணி அடிக்கக் கூடாது. சுவர் தோட்டத்தின் சொத்து. ஆணி அடித்ததைக் கணக்கப்பிள்ளை கண்டால் மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டில் எல்லார் முன்னாலும் பெயர் சொல்லி ஏசுவார். ஆணி இல்லாவிட்டால் சட்டம் போட்ட படம் மாட்ட முடியாது. ஆகவே எங்கள் ஆட்கள் ஒட்டினார்கள்.

தீபாவளிக்கு முந்திய வாரம் சுண்ணாம்பு அடித்துக் காய்ந்ததும், தலை உயரத்தில் காம்பராவைச் சுற்றி ஒரு பட்டை ஓடும். அதற்கு நாங்கள் பார்டர் என்றுதான் சொல்வோம். கலண்டர் சாமிகள், பால்மாப் பெட்டியில் சிரிக்கிற குழந்தை, கல்யாணப் பத்திரிகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ், இடையிடையே குடும்பத்துப் போட்டோக்கள். கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் பசை ரெடி. ஒரு வருஷம் அடுப்புப் புகை குடித்துப் பட்டை பழுப்பாகும். அடுத்த தீபாவளிக்குச் சுவரில் தண்ணீரைத் தெளித்தால் போதும். சுண்ணாம்பு பொருக்காகக் கழன்று வரும், அதோடு படமும் முழுசாகக் கையில் வந்துவிடும். பின்பக்கத்தில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிவிட்டு மறுபடி ஒட்டலாம்.

எங்கள் லயத்தில் அந்த வேலைக்கு நான் பேர் போனவள். பன்னிரண்டு காம்பராவுக்கும் நான்தான் ஒட்டுவேன். நூல் பிடித்து, கோடு கீறி, பெரிசு சிறிசு பார்த்து அடுக்குவேன். “ராணி ஒட்டுனா சாமிகூட நேரா நிப்பாரு” என்று பக்கத்துக் காம்பரா சித்தி சொல்வார். அந்தக் கர்வத்தையும் சேர்த்துத்தான் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தேன்.

3

இந்தக் கட்டடத்துக் காவல்காரர் முதல் நாளே சுவரைக் காட்டி, சுத்தியலால் அடிப்பது போலக் கையைக் காட்டி, விரலை ஆட்டினார். ஆணி கூடாது. சந்திரன் என்னைப் பார்த்துச் சிரித்தார். “கணக்கப்புள்ள இங்கயும் வந்துட்டாரு.”

போன மாரிக் குளிரில் தொடங்கினேன். மாவுப் பசை காய்ச்சி ஒட்டினேன். காலையில் எல்லாம் கீழே கிடந்தது. இங்கே சுவர் சீமெந்து, அதன் மேலே ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி பளபளப்பாகப் பெயின்ட். விட மனம் இல்லை. பலகை ஒட்டுகிற வெள்ளைப் பசை ஒரு டப்பா வாங்கி வந்தேன். பசை என்றால் பசைதானே, வேண்டும்போது தண்ணீர் தெளித்தால் கழன்று வரும் என்று நினைத்தேன். லயத்துப் புத்தி.

இரண்டு வாரத்தில் அறையைச் சுற்றிப் பட்டை ஓடிவிட்டது. அப்பாவின் வான் தபால் உறைகளிலிருந்து சிவப்பு நீலக் கரையை வெட்டி மேலும் கீழும் இரண்டு கோடு. நடுவில் சந்திரன் கொழும்பில் கடையில் நின்ற படம், கஹவத்தை இரத்தினபுரி பஸ் டிக்கெட் ஒன்று, என் சிநேகிதி புஷ்பத்தின் கல்யாணப் படம், புத்தகத்துக்குள் காய்ந்திருந்த ரப்பர் இலை, மகள் தர்ஷினி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அவள் கையில் கட்டிய பட்டி. கதவுக்கு எதிரே, கண்ணுக்கு நேராக, அம்மா இருந்த படம்.

அது தபாலட்டை அளவு, நெட்டுவாக்கில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அப்பா நாற்காலியில், பார்ப்பவருக்கு இடப்பக்கம் பத்து வயதில் நான், வலப்பக்கம் ஓரத்தில் அம்மா நிற்கிறார். கஹவத்தை ஸ்டூடியோவில் இலங்கைக் குடியுரிமை கேட்கும் பிரஜாவுரிமை மனுவுக்காக எடுத்தது. இரண்டு பிரதிகளில் ஒன்று மனுவோடு கொழும்புக்குப் போனது, போனதுதான். மற்றது என்னிடம். படம் எடுத்து இரண்டு வருஷத்தில் அம்மா செத்துப்போனார். அம்மாவுக்கு வேறு படமே கிடையாது.

பசை தடவும்போது சந்திரன் எட்டிப் பார்த்தார்.

“பின்னாடி ஏதோ இங்கிலீசுல எழுதியிருக்கு போல.”

“பின்னாடிய யாருங்க பாக்கப்போறா?” என்று சொல்லிவிட்டு முழங்கையால் நன்றாக அழுத்தித் தேய்த்தேன்.

தர்ஷினிக்கு நாலு வயது. பாலர் பாடசாலையில் நாள் முழுக்க ஜெர்மன். ஒருநாள் அம்மாவின் படத்தைக் காட்டி, “இது யாரு, சொல்லு?” என்றேன். அவள் கொஞ்சம் யோசித்து ஜெர்மனில் சொன்னாள்: “செவுத்துல இருக்கிற பொம்பளை.” நான் திருத்தினேன். அவள் தலையாட்டிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

4

பங்குனியில் விசாரணை. மொழிபெயர்க்க வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் பேசப் பேச அவர் புருவம் ஏறியது. முடிந்து வெளியே வந்ததும் மெல்லச் சொன்னார். “குறை நினையாதையுங்கோ தங்கச்சி. உங்கட பேச்சு இந்தியாக்காரற்ற மாதிரிக் கிடக்கு. அதை விசாரணைக்காரர் என்னட்டைக் கேட்டவை, நான் மறைக்கேலாது.”

அதோடு போயிருந்தால் சமாளித்திருப்பேன். என் பிறப்புச் சான்றிதழைக் கொடுத்தேனே, அதுதான் காலை வாரியது. நமது சான்றிதழில் இனம் என்று ஒரு கட்டம் உண்டு, உங்களுக்குத் தெரியும். தாத்தனுக்குத் தாத்தன் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர் என்பதால், அதில் எங்கள் தோட்டத்து ஆட்கள் எல்லாருக்கும் ‘இந்தியத் தமிழர்’ என்று எழுதியிருக்கும். என் அப்பா பிறந்தது கஹவத்தையில், அவருடைய அப்பாவும் அங்கேதான். இருந்தாலும் இந்தியத் தமிழர். ஜெர்மன்காரர் அந்த ஒரு சொல்லைச் சிவப்பில் கோடிட்டு வைத்துக்கொண்டார்.

மே மாதம் கடிதம் வந்தது. நீங்கள் இந்தியர் என்று கருத இடமிருக்கிறது. அண்மையில் எடுத்த சான்றிதழ்ப் பிரதி போதாது. நாலு வாரத்துக்குள் இலங்கையில் பிறந்து வளர்ந்ததற்குப் பழைய மூல ஆவணம் காட்டாவிட்டால் இந்தியாவுக்கு அனுப்பும் ஏற்பாடு தொடங்கும். நான் இந்தியாவைக் கலண்டரில்தான் பார்த்திருக்கிறேன். கொழும்பில் தமிழன் என்று சந்திரனை மூன்று தடவை பிடித்து அடைத்தார்கள். அதற்குத்தான் ஓடி வந்தோம். இங்கே வந்தால், நீ அந்த ஊரே இல்லை என்கிறார்கள்.

அப்பா ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கஹவத்தை டவுனுக்கு பஸ் ஏறி வந்து, முஸ்லிம் நானா ஒருவரின் கொமினிகேஷன் டெலிபோன் கடையில் என் அழைப்புக்காக உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு நலம் விசாரிக்காமலே கேட்டேன்.

“அப்பா, தோட்டத்து ஆபீஸ்ல நம்ம பேரு போட்ட பழைய பைலு ஏதாவது கெடைக்குமா?”

“எங்க புள்ள! கம்பனிக்குக் கைமாறுனப்பவே பழசையெல்லாம் கூட்டி எரிச்சுப்புட்டாங்க. ஏன், ஒங்கிட்டதான் இருக்கே.”

“என்ன இருக்கு?”

“பிரஜாவுரிமைக்கு எடுத்த படம். அதுக்குப் பின்னாடிதானே எல்லாம் இருக்கு. நாம மூணு பேரும் இந்தத் தோட்டத்துல பொறந்தவங்கன்னு பெரிய தொர கையால எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலும் அடிச்சாரு. அதுக்கு நான் ரெண்டு நாளு ஆபீஸ் வாசல்ல காத்துக் கெடந்தேன். பத்திரமா வச்சிருக்கதானே?”

“வச்சிருக்கேன்பா.”

பொய் இல்லை. யாராலும் எடுக்க முடியாத அளவுக்குப் பத்திரம்.

5

கீழ் மாடியில் இருக்கிற பவானி அக்கா யாழ்ப்பாணம். விஷயத்தைக் கேட்டதும் என் தலையில் குட்டாத குறை. “உனக்கென்ன விசரோ? ஒரேயொரு படத்தை ஆரும் சுவரில ஒட்டுவினமே? அல்பம் எண்டு ஒரு சாமான் இருக்கெல்லோ!”

“எங்க ஊர்ல ஒட்டுவோம் அக்கா.”

“உங்கட ஊர்ச் சுவர் விட்டுக்குடுக்கும். இது விடாது.” சொல்லிவிட்டு அவரே ஒரு கத்தியும் சுடுதண்ணீர்க் கேத்தலும் கொண்டு வந்தார்.

அம்மா படத்தில் கை வைக்கப் பயம். முதலில் பட்டையில் இருந்த மற்றப் படங்களில் சோதித்தோம். சந்திரன் கடையில் நின்ற படத்தைக் காய்ந்தபடியே நுனியிலிருந்து உரித்தோம். முகம் மெல்லிய தோலாகக் கையில் வந்தது; முதுகுத் தாள் சுவரிலேயே இருந்துவிட்டது. அதைச் சுரண்டினால் தூள்தான். புஷ்பத்தின் கல்யாணப் படத்துக்குக் கீழே சந்திரன் சவர பிளேடை விட்டு, பெயின்டோடு சேர்த்துப் பெயர்த்தார். பச்சைத் தண்ணீரில் போட்டோம், பசை அசையவில்லை. சுடுதண்ணீர் ஊற்றினோம். பசை இளகியது, பெயின்ட் கழன்றது, பின்பக்கத்து ஸ்டூடியோ முத்திரை அப்படியே வந்தது. ஆனால் முன்பக்கத்தில் புஷ்பமும் மாப்பிள்ளையும், ரப்பர் மரத்து வெட்டில் காய்ந்த ஒட்டுப்பாலைக் காலையில் உரிப்போமே, அதுபோலச் சுருண்டு எழும்பித் தண்ணீரில் கரைந்து போனார்கள்.

“சரி,” என்றார் சந்திரன், விரலைத் துடைத்துக்கொண்டே. “மொகம் வேணும்னா சீலு போகும். சீலு வேணும்னா மொகம் போகும்.”

அம்மா படத்தைப் படம் எடுத்து வைக்கலாம் என்று பவானி அக்கா தன் சின்னக் கமெராவைக் கொண்டு வந்தார். கழுவி வந்த படத்தில் அம்மாவின் முகம் மிளகு அளவு, அதுவும் கலங்கல். கிட்டப் போய் எடுத்ததில் மூன்று வெள்ளைப் புகை. மூன்று அடிக்குக் கிட்ட வந்தால் அந்தக் கமெராவுக்குக் கண் தெரியாதாம். டவுனில் இருந்த ஒரே ஸ்டூடியோக்காரரைக் கேட்டேன். எங்கள் கட்டடத்தின் பெயரைச் சொன்னதும், வெளியே வந்து எடுப்பதில்லை, பெயர்த்துக் கொண்டுவந்தாலும் முடியாது என்றுவிட்டார்; பிரதி எடுக்கிற வேறு கடை அங்கே இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் பெரிய பட்டணம், அங்கே ஆயிரம் பேர் இருப்பார்கள். போக அனுமதி கேட்டேன். ‘அவசியம் நிரூபிக்கப்படவில்லை’ என்று பதில் வந்தது.

நாலு வாரத்தில் ஐந்து நாள் மிச்சம்.

6

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன்.

“அப்பா, அந்தப் படத்த செவுத்துல ஒட்டிட்டேன்பா. பார்டர் மாதிரி.”

அப்பா சிரித்தார். “அடி கழுத, அங்கயும் போயி அதே வேலதானா! தண்ணி தெளிச்சா வராதா?”

“சுடுதண்ணிக்கு சீலு வரும்பா. அம்மா மொகம் போயிரும்.”

கடைக்கு வெளியே பஸ் கொண்டக்டர் “ரத்னபுர, ரத்னபுர” என்று கத்துவது எனக்குக் கேட்டது. நானா யாரிடமோ சிங்களத்தில் சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார்.

“சீல எடு,” என்றார் அப்பா.

“வேற படம் இல்லையேப்பா.”

“எனக்குத் தெரியாதா? ஒங்கம்மாவோட கூடப்பொறந்த அண்ணன இந்தியாக்காரன்னு சொல்லித்தான் கப்பல் ஏத்துனாங்க. இங்க பொறந்த ஆளு. போனவரு எங்க இருக்காரு, என்ன ஆனாருன்னு தெரியாமலே அவ கண்ண மூடுனா. இப்ப ஒன்னையும் அங்க அனுப்புறேங்கிறானா? அவ இருந்தா என்ன சொல்லுவா? சீல எடுத்துக் குடு புள்ள. மொகம் எனக்கு ஞாபகம் இருக்கு.”

எனக்கு அவ்வளவு இல்லை என்று சொல்ல வாய் வந்தது. “சரிப்பா” என்றேன்.

7

செவ்வாய்க்கிழமை பகல், பொதுக் குசினியில் செய்தோம். சந்திரன் பிளேடை விட்டுப் பெயர்த்த படம், பச்சை பெயின்ட் தகட்டோடு ஒரு பணியாரம் மாதிரி என் உள்ளங்கையில் இருந்தது. பேசினில் சுடுதண்ணீர். பவானி அக்கா அடுப்பைப் பார்ப்பது போலத் திரும்பி நின்றுகொண்டார்.

ஓரத்தில் இருந்த நான் முதலில் கழன்றேன். அடுத்தது அப்பா, நாற்காலியோடு. அம்மாதான் கடைசிவரை இருந்தார். தோள் எழும்பிய பிறகும் முகம் தாளைப் பிடித்துக்கொண்டு இருந்தது. தண்ணீர் ஆறுகிறது, இன்னும் கொஞ்சம் ஊற்றவா என்று சந்திரன் கண்ணால் கேட்டார். ஊற்றுங்கள் என்றேன்.

தர்ஷினி நாற்காலியில் ஏறி எட்டிப் பார்த்தாள். “அம்மா, அவங்க குளிக்கிறாங்களா?” தமிழில் கேட்டாள். ஆச்சரியம்தான். “ஆமா” என்றேன்.

பின்பக்கம் வந்தது. ஊதா முத்திரை வெளிறியிருந்தது, ஆனாலும் தோட்டத்தின் பெயரையும் கஹவத்தையையும் எழுத்துக் கூட்டாமல் வாசிக்கலாம். துரையின் எழுத்து நீலப் பேனையில், சாய்வாக. மூன்று பேரின் பெயர். இந்தத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் பிறந்தவர்கள், இங்கேயே வசிப்பவர்கள். பெயருக்கு நேரே வயது. அம்மாவுக்கு இருபத்தொன்பது. எனக்கு இப்போது இருபத்தேழு. அப்படி ஒரு கணக்கை நான் ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. எனக்கு அம்மா எப்போதும் பெரிய ஆள்.

8

வியாழக்கிழமை அலுவலகத்துக்கு நானும் சந்திரனும் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் எங்களைவிட இரண்டு மூன்று வயது கூடியவராக இருக்கலாம். தாளை வாங்கி, பூதக்கண்ணாடி வைத்து, ஒவ்வொரு வரியாக வாசித்தார். உள்ளே போய் யாரோடோ பேசினார். திரும்பி வந்து, தாளைப் புரட்டினார். மறுபக்கம் வெறும் வெள்ளை, கொஞ்சம் சொரசொரப்பு.

“இந்தப் பக்கத்தில் என்ன இருந்தது?”

“என் அம்மா,” என்றேன். பிறகு, விசாரணை அல்லவா, முழுசாகச் சொல்ல வேண்டுமே என்று, “அப்பாவும் நானும்” என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் அந்த வெள்ளையைப் பார்த்தார். எங்கள் தாள்களை எடுத்து, குடியுரிமை என்ற கட்டத்தில் இவ்வளவு நாள் இருந்த ‘தெளிவில்லை’ என்பதை வெட்டி, ‘இலங்கை’ என்று எழுதி முத்திரை குத்தினார். கீழே தேதி. மூன்று மாதம்.

சந்திரன் தாளைத் தூக்கிப் பிடித்து, காதோரம் சொன்னார். “நம்ம ஊர்ல ஒரு பய இலங்கைன்னு எழுதித் தரல. இந்த மனுசன் ஒரே நிமிசத்துல எழுதிட்டான், பாத்தியா?”

“மூணு மாசத்துக்கு,” என்றேன்.

“அதச் சொல்லாத.”

படத்தைத் திருப்பித் தரமுடியுமா என்று கேட்டேன். மூல ஆவணம் கோப்பில் இருக்க வேண்டும், வழக்கு முடிந்ததும் கேட்கலாம் என்றார். எப்போது முடியும் என்றேன். அது தன் கையில் இல்லை என்றார். வேண்டுமானால் பிரதி தருகிறேன் என்று எழும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்தார். எழுத்து இருந்த பக்கத்தின் பிரதி. மற்றப் பக்கத்தில் பிரதி எடுக்க ஒன்றும் இல்லை.

பிறகு தாளின் இடது ஓரத்தை மேசையில் இருந்த ஓட்டை போடும் இயந்திரத்துக்குள் செருகி, உள்ளங்கையால் அழுத்தினார். கோப்பின் கம்பியில் கோப்பதற்கு இரண்டு ஓட்டை, ஒன்று மேலே, ஒன்று கீழே. எழுத்துப் பக்கத்துக்கு அது இடது ஓரம், மறுபக்கத்துக்கு வலது. மேல் ஓட்டை விழுந்த இடத்தில்தான் அம்மாவின் தலை இருந்தது. அவருக்கு அது தெரிய வழியில்லை. வணக்கம் சொல்லி, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தோம்.